சேதாரம் இருப்பின் ஏழு நாட்களுக்குள்

ஆம்பூரில் வாஹித் பாஷாவுக்குத் தெரியாத ஆங்கிலம் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே வாஹித் பாஷாதான் என்றாலும், மறுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. முப்பது வருடமாக ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதுகிறவர் அவர்தான். ஜெர்மனிக்காரன் கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்வதும் அவர், இத்தாலிக்காரன் இழுத்தடித்தால் மரியாதையாக மிரட்டுவதும் அவர். ஆனால் கடிதமெல்லாம் முதலாளி கையெழுத்தில்தான் போகும். ஒன்றின் அடியிலும் அவர் பெயர் இருந்ததில்லை. அதனாலேயோ என்னவோ, டீக்கடையில் அறிமுகமானவரிடம்கூட, "அந்த லெட்டர் நான் போட்டது பாய்" என்று ஆரம்பித்துவிடுவார். எந்த லெட்டர் என்று கேட்டவர்கள் வீட்டுக்குத் தாமதமாகத்தான் போவார்கள்.

அவருடைய அக்கா மகள் தூபா. வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். உருதுப் பள்ளியில் படித்த காலத்தில், ஒருமைக்கு 'வாஹித்', பன்மைக்கு 'ஜமா' என்று இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுத்த அன்று, புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்து, "மாமூ, நீங்க ஒருமையாம்! உங்களுக்குப் பன்மையே கிடையாதாம்!" என்று கத்தியவள். அவளுடைய அம்மா அஃப்ஸர் ஜஹான் அடுப்படியிலிருந்தே, "ஒண்ணையே தாங்க முடியல, இதுல பன்மை வேறயா" என்றாள்.

வளர்ந்த தூபா பிடித்த ஆராய்ச்சியும் தோலைப் பற்றியதாகவே அமைந்தது, ஊர் ராசி. துணியென்றால் பிரச்சினையில்லை, எங்கே வெட்டினாலும் துணிதான். தோல் அப்படியில்லை. ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு வடிவம். ஓரிடத்தில் உண்ணி கடித்த வடு, ஓரிடத்தில் முள்வேலி கிழித்த தழும்பு, வயிற்றுப் பக்கத்து ஓரம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இதன் மேல் ஷூவுக்கான துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டினால் கழிவு குறையும் என்பதுதான் கணக்கு. தூபாவின் முறைப்படி வெட்டினால், எப்பேர்ப்பட்ட மோசமான தோலிலும் கழிவு ஓர் அளவுக்கு மேல் போகாது. அது 'அப்பர் பவுண்ட்', அதாவது மேல் எல்லை. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் வெட்டினாலும் கழிவு ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அது 'லோயர் பவுண்ட்', கீழ் எல்லை. இந்த இரண்டுக்கு மேல் கணிதம் எதையும் உங்கள் தலையில் கட்டுவதாக இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

ஆறு வருடம் இதற்கே போய்விட்டது. பயன்பாட்டுக் கணித ஏடு ஒன்றில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டிய நீட்டிப்பையெல்லாம் கொடுத்துக் கைகழுவிவிட்டது. டிசம்பருக்குள் ஏற்புக் கடிதம் வந்தால் டாக்டர் தூபா. வராவிட்டால் ஆறு வருடமும் தண்ணீரில் கரைத்த பெருங்காயம்.

கட்டுரையை வெளிநாட்டு ஏடு ஒன்றுக்கு அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல்லாக அது பத்து மாதம் கிடந்தது. பிறகு, பெயர் சொல்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்துகளோடு திரும்பி வந்தது. முதலாமவர் தங்கமானவர், நாலு வரியில் ஆசீர்வாதம் செய்து ஒதுங்கிவிட்டார். இரண்டாமவர்தான் ஆள். அவருக்கு இரண்டு புகார்கள். ஒன்று, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே இடைவெளி மிக அதிகம். இரண்டு, ஆங்கிலம் சகிக்கவில்லை, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்பவும்.

"பேர் தெரியாத ஆளுக்கா சரக்கு அனுப்புற?" என்று வாஹித் மாமூ திடுக்கிட்டார். அக்கா மகளை அவர், மகளே என்று பொருள்படும் உருதுச் சொல்லால் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார். "அட்வான்ஸ் இல்ல, பேங்க் எல்.சி. இல்ல, ஆள் யாருன்னே தெரியாது. பத்து மாசம் வெச்சிருந்து ரிட்டர்ன் வேற பண்றான். இன்னா பேட்டி இது, இப்படியா பிசினஸ் பண்ணுவாங்க?"

"இது பிசினஸ் இல்ல மாமூ, ஆராய்ச்சி."

"அதான் இவ்ளோ நஷ்டம்."

இடைவெளியைக் குறைக்க வழியே இல்லை என்று இரண்டு பக்கத்துக்கு வாதாடி எழுதிவிட்டாள் தூபா. உண்மையில் அவள் குறைக்க முயன்று களைத்துப்போயிருந்தாள். மீதி இருந்தது ஆங்கிலம். தாய்மொழியாகக் கொண்டவரைத் தேடி எங்கே போவது? அஃப்ஸர் ஜஹான்தான் வழி காட்டினாள். "எங்கயும் போக வேணாம். உன் மாமூ தூக்கத்துலயே 'டியர் சார்'னு பேசறவன். கொசுவைக்கூட இங்கிலீஷ்லதான் திட்டறான்."

மாமூ இரண்டு நாள் லீவு போட்டார். புது ஜிப்பா அணிந்துகொண்டு தூபாவின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். "கணக்குல கை வைக்காதீங்க மாமூ, இங்கிலீஷ் மட்டும் பாருங்க" என்று தூபா படித்துப் படித்துச் சொன்னாள். "நான் ஏன் கணக்குல கை வைக்கிறேன்? அந்த நண்டு எழுத்து பக்கமே போக மாட்டேன்" என்று அவரும் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை அவர் கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திருத்தத்தை அனுப்புவதற்குக் கடைசி நாள் அன்று தூபாவுக்குத் தேர்வு அறைக் கண்காணிப்பு. போனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மாலை வந்து, மாமூவின் திருத்தங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்பது அவளுடைய திட்டம். பிற்பகலில் மாமூ வேலையை முடித்தார். லேப்டாப்பில் ஏட்டின் பக்கம் திறந்தே இருந்தது. 'கடைசித் தேதி: இன்று' என்று சிவப்பில் மின்னியது. அவர் தூபாவுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார், எடுக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரு ஷிப்மென்ட்கூட தேதி தவறாத மனிதர் அவர். சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவருடைய உடம்பு இடம் கொடுக்கவில்லை.

தூபா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பேட்டி, சரக்கு கப்பல்ல ஏறியாச்சு!" என்றார்.

"எந்தக் கப்பல்?" என்று கேட்டபடி வந்து லேப்டாப்பைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டுரை 'மதிப்புக்குரிய ஐயா' என்று ஆரம்பித்தது. 'எப்சிலான் பூஜ்யத்தைவிடப் பெரியது என்க' என்று அவள் ஒரு கிரேக்க எழுத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில், எப்சிலான் பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. இரண்டாம் தேற்றத்தின் முடிவில் 'இது முரண்பாடு' என்று எழுதியிருந்தாள். கணிதத்தில் முரண்பாடு வந்தால் நிரூபணம் வெற்றி என்று பொருள். மாமூவுக்கோ முரண்பாடு என்றாலே பதறும். 'ஏற்பட்ட முரண்பாட்டுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம், இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறோம்' என்று சேர்த்திருந்தார். கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில், 'நிரூபணத்தில் சேதாரம் இருப்பின் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். அதன்பின் வரும் புகார்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.'

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'லோயர் பவுண்ட்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'சோல் பவுண்ட்' என்று இருந்தது.

"மாமூ..." தூபா திரையில் விரலை வைத்தாள். "லோயர் எங்க?"

"அதை ஏன் கேக்கற. அப்பர்னு கரெக்டா எழுதியிருக்க. ஷூவுக்கு மேல் பாகம் அப்பர். ஆனா லோயர்னு ஒரு பாகத்தை முப்பது வருஷத்துல நான் பாத்ததே இல்ல. அப்பருக்குக் கீழ இருக்கறது சோல். சின்னப் புள்ள கவனக்குறைவா எழுதிடுச்சுன்னு நானே எல்லா எடத்துலயும் மாத்திட்டேன். உலகத்துக்கே ஷூ அனுப்பற ஊர்லேர்ந்து போற கட்டுரை, மானம் போயிடாது?"

தூபா அழுதாள். கோபம் பாதி, பயம் பாதி. மாமூ ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் சத்துவாச்சாரிக்கு ஓடினாள். அவளுடைய ஆய்வு நெறியாளர் பேராசிரியர் பச்சையப்பன் அங்கேதான் குடியிருக்கிறார். அவர் கட்டுரையைப் படித்தார். எப்சிலான் வரைக்கும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். முரண்பாட்டுக்கு வருந்திய இடத்தில் அவருக்கு விக்கல் வந்துவிட்டது. சேதாரத்துக்கு வந்தபோது உள்ளே எழுந்துபோய்ச் சிரித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பினார்.

"வாபஸ் வாங்கிடலாமா சார்?"

"வாங்குனா முதல்லேர்ந்து அனுப்பணும். இன்னொரு பத்து மாசம். உனக்கு டிசம்பர்தான் கெடு. வேற வழியில்லம்மா, வர்றது வரட்டும்னு இருக்க வேண்டியதுதான்."

வந்தது. பத்து மாதம் கழித்து அல்ல, ஏழாவது நாள்.

முதலாமவர், ஆங்கிலம் வியக்கத்தக்க அளவில் முன்னேறியிருப்பதாகப் பாராட்டியிருந்தார். தங்கமானவர் என்று சொன்னேன் அல்லவா. இரண்டாமவர் எழுதியிருந்தது இது:

'முந்தைய வடிவத்தைப் படிக்க எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. இம்முறை ஏழு நாட்கள்தான் என்று கட்டுரையே எச்சரிப்பதால், மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்தேன். இவ்வளவு கண்டிப்பான ஆசிரியரை நான் கண்டதில்லை. இடைவெளி அதிகம் என்று முன்பு குறை சொல்லியிருந்தேன். இப்போது ஆசிரியர், இருப்பது ஒன்றே ஒன்றான எல்லை என்று பக்கத்துக்குப் பக்கம் அறிவிக்கிறார். ஒரே எல்லை என்றால் இடைவெளியே இல்லை என்று ஆகிறது. உண்மையானால் பிரமாதம். ஆனால் அதற்கான நிரூபணம் சரக்கோடு வந்து சேரவில்லை. தங்கள் நிபந்தனைப்படி எழுத்துமூலம் தெரிவிக்கிறேன்.'

நிரூபணத்தை அனுப்ப ஏடு ஒரு மாதம் கொடுத்திருந்தது.

ஆங்கிலத்தில் 'சோல்' என்றால் ஷூவின் அடிப்பாகம் மட்டுமல்ல, 'ஒன்றே ஒன்று' என்றும் பொருள் உண்டு. மாமூ அடியை நினைத்து எழுதியதை மதிப்பீட்டாளர் ஒன்றே ஒன்று என்று படித்துவிட்டார். கணிதக்காரியான தூபாவுக்கு இது மானக்கேடு. கீழ் எல்லை ஒன்றே ஒன்று என்று முதலாமாண்டு மாணவன்கூடச் சொல்ல மாட்டான். ஓர் எண்ணுக்குக் கீழே கழிவு இறங்காது என்றால், அதைவிடச் சின்ன எண் எதற்குக் கீழேயும்தான் இறங்காது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வர வேண்டுமானால் ஒரே வழி, மேல் எல்லை இறங்கி வந்து கீழ் எல்லையைத் தொட வேண்டும். அப்போது இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். அதைத்தான் அவளால் இத்தனை வருடமாகச் செய்ய முடியவில்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் பச்சையப்பன். "எழுத்துப் பிழைன்னு சொல்லிடலாம். அப்போ பழைய இடைவெளி பழையபடி நிக்கும், அவர் ரிஜெக்ட் பண்ணிடுவார். இல்லன்னா உங்க மாமா சொன்னதை நிரூபிச்சிடு."

"அவர் எதையும் சொல்லல சார். அவர் பாட்டுக்கு ஷூவைப் பத்திப் பேசினார்."

"அது உனக்கும் எனக்கும்தானேம்மா தெரியும்."

மூன்று வாரம் தூபா தாளும் பேனாவுமாகக் கிடந்தாள். ஒன்றும் நகரவில்லை. மாமூவோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் தினமும் மாலையில் சமோசா வாங்கிவந்து அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, திருடனைப்போல நழுவினார். தினமும் அதை அஃப்ஸர் ஜஹான் சாப்பிட்டாள். "இப்படியே போனா எனக்குத்தான் சுகர் வரும். ரெண்டு பேரும் பேசித் தொலைங்க" என்று ஒரு நாள் தம்பியைப் பிடித்து மகளின் முன்னால் உட்காரவைத்தாள்.

"என் ஆறு வருஷத்தை ஒரே சொல்லுல முடிச்சிட்டீங்க மாமூ" என்றாள் தூபா. "அந்த அப்பருக்கும் சோலுக்கும் நடுவுல இவ்ளோ பெரிய கேப் இருக்கு. என்னால அதை மூடவே முடியல. போதுமா?"

கேப் என்ற சொல்லைக் கேட்டதும் மாமூவின் கண்கள் விரிந்தன. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

"கேப்பா? அதைப் பத்தி என்கிட்ட கேளு! ஒரு தடவை ஜெர்மன் பார்ட்டிக்கு ஆர்டர். அப்பர் நம்ம கம்பெனில பண்ணது, சோல் வெளியே பண்ணது. தனித்தனியா பாத்தா ரெண்டும் அருமையான சரக்கு. ஒட்டிப் பாத்தா நடுவுல விரல் போவுது! இன்னா பேஜார் தெரியுமா? ராத்திரியெல்லாம் பசை மாத்திப் பாத்தாங்க, அழுத்திப் பாத்தாங்க, ஒண்ணும் வேலைக்காவல. கடைசில பாத்தா, அப்பர் பண்ணது ஒரு லாஸ்ட்ல, சோலுக்கு அளவு எடுத்தது வேற லாஸ்ட்ல!"

லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. அதன் மேல்தான் ஷூவை உருவாக்குவார்கள்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, அச்சுதான் வேற. அதை விளக்கி ஏழு பக்கம் மன்னிப்பு எழுதினேன் பாரு, அந்த லெட்டர்..."

அந்த லெட்டரின் சிறப்பைத் தூபா கேட்கவில்லை. அவள் தன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேல் எல்லையை அவள் கணக்கிட்டது முழுத் தோலுக்கு, வயிற்றுப் பக்கத்து இழுபடும் ஓரத்தையும் சேர்த்து. கீழ் எல்லையைக் கணக்கிட்டது அந்த ஓரத்தைக் கழித்துவிட்ட தோலுக்கு, அப்படிச் செய்தால் கணக்கு சுலபமாக இருக்கும் என்பதால். ஆறு வருடமாக இரண்டு வெவ்வேறு தோல்களை வைத்துக்கொண்டு, நடுவில் ஏன் இடைவெளி வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யா அல்லாஹ்" என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"அழாத பேட்டி" என்றார் மாமூ உருகிப்போய். "அந்த ஜெர்மன்காரன்கூட படிச்சுட்டு அழுதானாம்."

ஒரே தோலில் இரண்டையும் வைத்துக் கணக்கிட்டபோது இடைவெளி அங்குலம் அங்குலமாகக் குறுகி, கடைசியில் மூடிக்கொண்டது. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று நிரூபிக்கக் கணிதத்தில் ஒரு வழக்கமான முறை உண்டு. இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று அப்பாவியாக ஆரம்பித்து, அந்த இரண்டும் ஒன்றுதான் என்று முடிக்க வேண்டும். தூபாவும் அப்படித்தான் முடித்தாள். எப்சிலானுக்கு விடுத்த வேண்டுகோளை நீக்கினாள், முரண்பாட்டுக்கான வருத்தத்தை நீக்கினாள். 'சோல்' என்ற சொல்லையும் நீக்கிவிட்டு, அந்த எல்லைக்கு வேறொரு பெயர் வைத்தாள். அந்த ஏழு நாள் வாக்கியத்தில் மட்டும் கை வைக்கவில்லை. வேலை செய்கிற வாக்கியத்தை எதற்கு எடுப்பது?

இந்த முறை அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். மாமூ அடுத்த அறையில் உட்கார்ந்து, போய்விட்டதா போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது நாள், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மாமூ வீட்டுக்குள் நுழைந்தபோது, தூபா லேப்டாப் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். டிசம்பர் கெடுவுக்கு முன்பே கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. முதலாமவர் வாழ்த்தியிருந்தார். இரண்டாமவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

'சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது. சேதாரம் எதுவும் இல்லை.'

மாமூ அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். "எழுதறான் பாரு! இவன்தான் ஜென்டில்மேன்! இவன் ஏதோ ஏற்றுமதிக் குடும்பத்து ஆளு பேட்டி, சந்தேகமே இல்ல." அஃப்ஸர் ஜஹான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சர்க்கரை டப்பாவைத் தேடி உள்ளே ஓடினாள்.

அதன் பிறகுதான் மாமூவின் பார்வை மேலே, கட்டுரையின் தலைப்புக்குப் போனது. கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். 'தோல் வெட்டுதலில் வாஹித் எல்லை.'

அவர் பேசாமல் நின்றார். ஆம்பூர் வரலாற்றிலேயே அது முதல் தடவையாக இருக்கலாம்.

"பாஷாவை ஏன் விட்டுட்ட?" என்றார் கடைசியில்.

"எடம் இல்ல மாமூ."

அவர் தலையாட்டினார். மறுபடி தலைப்பைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல, "பேட்டி, உண்மையைச் சொல்லு. இந்த வாஹித்... நானா, இல்ல உருதுல ஒண்ணுன்னு சொல்றோமே, அந்த வாஹித்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாமூ."

மாமூ கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, முப்பது வருட அனுபவசாலியின் குரலில் கேட்டார்:

"ஷிப்மென்ட் தேதி என்னிக்கு?"